கிருபாபாயின் கைப்பிடி அரிசி

சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் கிருபாபாய் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். தடித்த வெள்ளைத் துணியில் தைத்த நீளமான பை அது. வாயில் சுருக்குக் கயிறு இருக்கும். தோளில் பை, கக்கத்தில் குடை. குடை மழைக்கு அல்ல, நாய்களுக்கு. எபநேசர்புரத்து நாய்களுக்கு அவளை மட்டும் ஆகாது. ஊரில் ஒரு வீட்டையும் விடாமல் படியேறுகிறவள் அவள் ஒருத்திதான் என்பது அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"தோத்திரம்மா! பானைய எடு!" என்று தெருமுனையிலிருந்தே குரல் கொடுப்பாள். அந்தக் குரலுக்கு மூன்று வீடு தள்ளிப் பானைகள் வெளியே வரும்.

எபநேசர்புரம் சித்தூர் மாவட்டத்துக் குடிபாலாவைத் தாண்டி, வேலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில் இருக்கிறது. பழைய மிஷன் காலத்தில், சொந்தமாக ஒரு கையளவு நிலமும் இல்லாத குடும்பங்கள் சிலவற்றுக்கு மனை கொடுத்து உண்டான ஊர். கோயில் கட்டிய வெள்ளைக்காரர்கள் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. அவர்கள் காலத்துப் பழக்கங்களில் மிச்சமிருப்பது இரண்டு. ஒன்று ஞாயிற்றுக்கிழமை மணி. மற்றது கைப்பிடி அரிசி.

உலை வைக்கும்முன் வீட்டுக்காரி அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவாள். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்பங்கரையில் இருக்கும் சின்னப் பானையில் போடுவாள். அப்போது வாய்க்குள் ஒரு வரி ஜெபம். அரிசியை மூட்டையிலிருந்து எடுக்கக்கூடாது, அளந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும். வீட்டார் சாப்பாட்டில் அந்த ஒரு கைப்பிடி குறைந்தால்தான் அது காணிக்கை. வாரம் முழுக்கச் சேர்ந்ததை சனிக்கிழமை கிருபாபாய் வாங்கிப்போய்க் கோயிலில் வைப்பாள்.

இந்த வேலை அவளுக்கு வந்ததே அவளுடைய சிரிப்பால்தான். விஜயபுரம் பக்கத்திலிருந்து இஸ்ரேல் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், பிரசங்கத்தின் நடுவே கோயிலுக்குள் ஒரு ஆட்டுக்குட்டி நுழைந்துவிட்டது. மற்ற பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். கிருபாபாய் கூரை அதிரச் சிரித்தாள். ஆராதனை முடிந்ததும் அந்நாளைய போதகர் ஐயர், "இவ்ளோ சத்தம் வெச்சிருக்கிற பொண்ணு வீடு வீடாப் போய்க் கூப்பிடட்டும்" என்று பையை அவள் கையில் கொடுத்தார். தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தார். அவளோ பட்டம் கிடைத்ததுபோல் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு நாற்பத்தைந்து தாண்டிய பிறகும் பை அவளிடம்தான் இருந்தது. பிள்ளைகள் அவளைக் கைப்பிடி அத்தை என்றார்கள்.

ஊர் பெருகியதை முதலில் கண்டுகொண்டவளும் அவள்தான். ஒற்றைத் தெரு மூன்று தெருவானது. ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு வீடு முளைத்தது. அதற்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கடைசி மகன் தனிக்குடித்தனம் போனான். யார் வீட்டிலாவது பிள்ளை பிறந்தால் கிருபாபாய்க்குத் தாங்காத சந்தோஷம். "பொறக்கட்டும், பொறக்கட்டும்! எல்லாம் வளந்து ஆளுக்கொரு பானை வெக்கும். எனக்கு ரெண்டு பையி வேணும்" என்பாள்.

நிலம் மட்டும் பெருகவில்லை. சர்க்கார் ஒரு காலத்தில் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் கொடுத்தது. அது பிள்ளைகளுக்குப் பிரிந்து, பேரப்பிள்ளைகளுக்குப் பிரிந்து, ஏர் கட்டிய மாட்டைத் திருப்பினால் பெரியப்பன் மகன் நிலத்தில் போய் நிற்கும் அளவுக்கு ஒடுங்கிவிட்டது. வேர்க்கடலை போட்டார்கள். மழை இல்லை. அப்புறம் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளைச் சேர்த்து, மாந்தோப்பு வைக்கிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். ஏரிக்குக் கீழே நெல் வைத்திருந்த இரண்டொரு பேருக்கும், கிறிஸ்துமஸுக்குக் குத்திய அரிசி ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வரைக்கும் வந்தால் பெரிது. மற்றதெல்லாம் ரேஷன். ரேஷனில், வீட்டில் எத்தனை தலை இருந்தாலும் கார்டுக்கு இருபது கிலோதான்.

ஆண்கள் பெங்களூருக்குப் போனார்கள். இஸ்ரேலும் கட்டட வேலைக்குப் போனான், பிறகு இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வருவார்கள். ஒற்றை ஆளுக்கு உலை வைத்தாலும் கிருபாபாயின் கைப்பிடி சிறுத்ததில்லை. அவள் கை பெரிய கை. "எங்கூட்ல பாதி சோறு சாமிக்கே போய்டுது. சாமி மட்டும் நல்லா சதை போட்டுக்கினு கீது" என்று தானே சொல்லிச் சிரிப்பாள்.

அரிசி முன்பெல்லாம் கோயில் உபதேசியார் குடும்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. உபதேசியார் சித்தூருக்குக் குடிபோன பிறகு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் விடுவது வழக்கமாயிற்று. ஏலத்தில் எப்போதும் எடுக்கிறவர் எத்திராஜ். பக்கத்து ஊர்க்காரர். கோயிலுக்கு வருகிறவர் அல்ல. ஆராதனை முடியும் நேரம் பார்த்து ஸ்கூட்டரில் வந்து வேப்பமரத்தடியில் நிற்பார். அரிசியை எங்கே கொண்டுபோகிறார் என்று யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் கிருபாபாய் அதைக் கண்ணால் பார்த்தாள். முட்டை வாங்கலாம் என்று எத்திராஜின் கோழிப்பண்ணைக்குப் போனாள். "இது கறிக்கோழி அக்கா, முட்டையெல்லாம் இல்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஓரத்தில் தனியாக அடைத்திருந்த நாட்டுக்கோழிகளின் தட்டு அவள் கண்ணில் பட்டது. அவள் வாங்கிச் சுமந்த அரிசி அது. வெளுப்பும் மங்கலுமாய்க் கலந்த அந்த அரிசி வேறு எங்கும் கிடையாது.

"இன்னாக்கா அப்டிப் பாக்கற? உங்க கோயில் அரிசிதான். நல்லாத் துன்னுது" என்றார் எத்திராஜ். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அவள் முட்டையையும் மறந்து, குடையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

அது 2002ஆம் வருஷத்துக் கோடை. முந்தின ஐப்பசியில் ஏரி நனைந்ததோடு சரி. சித்தூர் ரோட்டு மாங்கூழ் கம்பெனிகளில் சீசன் தொடங்கியிருந்தது. விடிவதற்குள் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். பகலெல்லாம் மாங்காய் தோலுரித்து, நறுக்கி, கையெல்லாம் பால் பட்டுப் பொத்துப்போய், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவார்கள். பள்ளிக்கூடம் நடந்தால் பிள்ளைகளுக்கு மாதம் மூன்று கிலோ அரிசி வரும். லீவில் அதுவும் இல்லை. காலையில் அம்மா மூடிவைத்துவிட்டுப் போன சோற்றைப் பிள்ளைகள் பத்து மணிக்கே தின்றுவிட்டு, மதியம் மாந்தோப்புக் காவல்காரனிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு திரிந்தார்கள்.

கிருபாபாய் நேரே சாந்தகுமாரிடம் போனாள். சாந்தகுமார் சபைக் கமிட்டியின் செக்ரட்டரி. தபால் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், மனைவியை இழந்தவர், தனியாகச் சமைத்துக்கொள்கிறவர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும்.

"தோத்திரம்ணா. நம்ம ஜெபம் பண்ணி எடுத்த அரிசி கோழிக்குப் போவுது. தெரியுமா உங்களுக்கு?"

"ஏலத்துல எடுத்தவன் கோழிக்குப் போடுவான், காக்காய்க்குப் போடுவான். நாம எப்டி கேக்கறது?" என்றார் சாந்தகுமார். "அதுவுமில்லாம, அடுத்த மாசத்துலேந்து அரிசியே வேணாம்னு கமிட்டில பேச்சு. வூட்டுக்கு ஒரு கவர். மாசம் ஒருக்கா முடிஞ்ச பணத்த போட்டுக் குடுக்கட்டும். நீயும் எத்தினி வருசம் மூட்ட தூக்குவ?"

"கவர் குடுத்தா இல்லம்பாங்கண்ணா. கடைல விக்கற ரேட்டு அப்டி கீது. ஒரு கைப்பிடி அரிசி இல்லன்னு எவளும் வாயத் தொறந்து சொல்ல மாட்டா." அவள் நின்றுகொண்டே பேசினாள். "சீசன் முடியறவரிக்கும் அரிசிய எங்கிட்ட வுடுங்க. மத்தியானத்துக்குப் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடறேன்."

அவர் வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "சரி. பள்ளிக்கூடம் தொறக்கறவரிக்கும். ஆனா நடுவுல ஒரு நாள் நின்னுதுன்னாலும் கவர்தான். அப்பால எங்கிட்ட வந்து கத்தக்கூடாது."

"நான் எப்பண்ணா கத்தனேன்?" என்று அவள் கேட்டது மூன்றாவது தெருவுக்குக் கேட்டது.

திங்கட்கிழமை கோயிலுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் கல் கூட்டி, கலியாண அண்டாவை ஏற்றினாள். பிள்ளைகள் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு விஷயத்தை அவள் யோசித்திருக்கவில்லை. இத்தனை வருஷம் அந்த அரிசியைச் சுமந்தாளே தவிர, ஒருநாளும் சமைத்ததில்லை. எல்லையோர ஊர் அது. ஆந்திரா ரேஷன் கடையில் போடுவது பச்சரிசி. சொந்த நெல் வைத்திருக்கிறவர்களும், வேலூர்ப் பக்கம் போய்க் கடையில் வாங்குகிறவர்களும் தின்பது புழுங்கல். இரண்டும் ஒரே பைக்குள் இருந்தன. கொதி வந்ததும் பச்சரிசி குழைந்தது. புழுங்கல் அசையவில்லை. புழுங்கலுக்காக இன்னும் எரித்தாள். பச்சரிசி கஞ்சியாகி அண்டாவின் அடியில் பிடித்துக்கொண்டது. உபதேசியார் மனைவி அந்தக் காலத்தில் "உங்க ஊரு அரிசிய ஆக்கறதுக்குள்ள உசுரு போவுது" என்று அலுத்துக்கொண்டதை, அந்தம்மாவுக்குக் கொழுப்பு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவள் அவள். இப்போது கரண்டியும் கையுமாக நிற்கையில் அது ஞாபகம் வந்தது.

தட்டில் போட்டாள். பிள்ளைகள் வாயில் வைத்தார்கள். மென்றார்கள், மென்றுகொண்டே இருந்தார்கள்.

பிரேமலதாவின் மகள் லீனாதான் முதலில் வாயைத் திறந்தாள். ஏழு வயது. "அத்த, இதுல பாதி வெந்துடுச்சி. பாதி சும்மா வேடிக்க பாத்துக்கினு கீது."

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். கிருபாபாயும் சிரித்தாள், எல்லோரையும்விட உரக்க. மேற்பார்வை பார்க்க வந்த சாந்தகுமாருக்கும் ஒரு தட்டு கொடுத்திருந்தாள். அவர் ஒரு வாய் போட்டார். அந்தப் பக்கம் திரும்பிப் பல்செட்டைக் கழற்றினார், ஒரு அரிசியை எடுத்துப் போட்டார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்கி கணக்குல சேக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய பெண்கள் கோயில் வராந்தாவில் பாய் விரித்து, மிச்ச அரிசியைக் கொட்டி, பச்சையையும் புழுங்கலையும் பொறுக்கிப் பிரிக்க உட்கார்ந்தார்கள். மாங்காய்ப் பாலில் தோல் உரிந்த விரல்களில் அரிசி ஒட்டிக்கொண்டது. முறத்தில் புடைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றாகவே எழும்பி ஒன்றாகவே விழுந்தன.

அந்த வழியாகப் பசுவை ஓட்டிக்கொண்டு போன செங்கம்மா நின்றாள். பக்கத்துக் கீழ்க்காலனிக்காரி, சபையைச் சேராதவள், கிருபாபாயின் வயதுதான், கங்கம்மா கோயிலுக்குப் பின்னால் வீடு. "இன்னாக்கா, எல்லாரும் உக்காந்து கல்லு பொறுக்கறீங்களா?"

"கல்லாயிருந்தா பரவால்லியே செங்கம்மா. ஆந்திராவயும் தமிழ்நாட்டயும் பிரிச்சிக்கினு கீறோம்."

விவரம் கேட்டதும் செங்கம்மா பசுவின் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "அத்தப் பிரிக்க வந்தவங்க எல்லாம் கோடு கிழிச்சிட்டுப் போய்ட்டாங்க. நீங்க இன்னும் பொறுக்கிக்கினு கீறீங்க. எடுத்துக்கினு போய் மிஷின்ல ஒடைங்கக்கா. நொய்யாப் போச்சின்னா எது பச்ச, எது புழுங்க? கேவுரு மாவு போட்டுக் களி கிண்டு. கல்லுகூட வெந்துரும்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். களிக்கு நொய் போடுவது அவர்களுக்குத் தெரியாததா? வீட்டில் தினமும் கிண்டியவர்கள்தான். ஆனால் கோயிலில் போடும் சாப்பாடு என்றால் சோறாகத்தான் இருக்க வேண்டும் என்று அத்தனை பேரும் முடிவு கட்டியிருந்தார்கள். களி போட்டால் மரியாதையாக இருக்குமா என்றுகூட யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"கேவுருக்கு எங்க போவ?" என்றாள் கிருபாபாய். "எல்லாரும் மாங்கன்னு வெச்சிட்டாங்க."

"நான் வெக்கலியே. எம்மருமவன் மாங்கன்னு வெக்கச் சொல்லி ஒத்தக்கால்ல நிக்கறான். சரிப்பா, அது காய்க்கற வரிக்கும் இன்னாத்தத் துன்றதுன்னு கேட்டேன். இன்னும் பதிலு வரல." செங்கம்மா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "மாவு நான் போடறேன். எங்க தெருவுல இன்னும் ரெண்டு மூணு பேர்கிட்ட கீது, கேட்டு வாங்கித் தரேன். ஆனா எங்க புள்ளைங்களும் தட்டு எடுத்தாரும். இஷ்டமா?"

கிருபாபாய் வராந்தாவைப் பார்த்தாள். பாயில் கிடந்த அரிசி அவர்கள் பிள்ளைகளுக்கே காணுமா என்பது சந்தேகம். கீழ்க்காலனியில் இதே அளவு பிள்ளைகள் உண்டு, கொஞ்சம் கூடவே இருக்கும்.

"பெரிய தட்டா எடுத்தாரச் சொல்லு" என்றாள்.

இதை சாந்தகுமாரிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது சபை அரிசி கிருபா. கமிட்டில கேப்பாங்க."

"அரிசி சபையோடதுண்ணா. மாவு கங்கம்மா தெருவோடது. களி கிண்டினதுக்கு அப்பால நீங்களே வந்து பிரிச்சிக் குடுங்க, தனித்தனியாப் போடறேன்."

"பிரிக்கறதுல உன் சாமர்த்தியத்த நேத்தே பாத்தேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை களி வந்தது. நொய் வெந்து பொங்கும்போது கேழ்வரகு மாவை நடுவில் குவித்து, ஆவியில் வேகவிட்டு, கிருபாபாய் ஒரு பக்கமும் செங்கம்மா ஒரு பக்கமும் துடுப்புப் பிடித்துக் கிண்டினார்கள். கம்பெனியில் கழித்துப் போட்ட மாங்காய்களைப் பெண்கள் முந்தானையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். அதைப் போட்டு ஒரு புளிப்புக் குழம்பு. ஈரக்கையால் உருட்டிய உருண்டை தட்டில் விழும்போது தொப் என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் லீனா தட்டை நகர்த்தமாட்டாள். அண்டாவின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டிக் கொடுப்பதற்குள் இரண்டு தெருப் பிள்ளைகளும் முட்டிக்கொண்டார்கள்.

பத்து நாள்போல நன்றாகவே நடந்தது. அப்புறம் பை இளைக்கத் தொடங்கியது.

அவளுக்குப் புரியவில்லை. வீடுகளோ கூடியிருந்தன. எந்தப் பானையும் காலி என்று வரவில்லை. ஆனால் பானையைக் கவிழ்த்தால் அரிசி மளமளவென்று விழவில்லை, ஒரு சின்னச் சலசலப்போடு நின்றுவிட்டது. பெங்களூருக்குப் போய்ப் பூட்டிக்கிடக்கும் வீடுகளை நினைத்தாள். அதனால் மட்டும் இவ்வளவு குறையுமா?

அந்த சனிக்கிழமை கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியதால், பிரேமலதா இரவு உலைக்கு அரிசி அளக்கும் நேரத்தில் அவள் வாசலுக்குப் போனாள். குரல் கொடுக்க வாயைத் திறந்தவள் கொடுக்கவில்லை. உள்ளே பிரேமலதா முறத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பிடி எடுத்தது லீனா. சின்ன விரல்களை இறுக்கி மூடி, ஒரு மணியும் சிந்தாமல் பானையில் போட்டு, கண்ணை மூடி ஜெபமும் சொன்னாள்.

பிரேமலதா நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று.

"எங்கையால எடுத்தா ஒலைல கொறையறது தெரியுது அத்த. எங்கூட்ல ஆறு பேரு. எடுக்காம வுடவும் மனசு வரல. புள்ள கையால எடுத்தாலும் கைப்பிடிதானேன்னு..." கொஞ்சம் நிறுத்தி, "நான் மட்டும் இல்ல. எல்லார் வூட்லயும் அப்டித்தான் நடந்துக்கினு கீது" என்றாள்.

கிருபாபாய் உள்ளே வந்து, பானையைப் பையில் கவிழ்த்தாள். லீனாவின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். "கைப்பிடின்னா கைப்பிடிதான். இந்தக் கைக்கு இது ரொம்ப ஜாஸ்தி" என்று சொல்லி, அந்தக் கையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அடுத்த வீட்டில் "தோத்திரம்மா" என்று கூப்பிட்டபோது குரல் பழைய உயரத்துக்கு எழவில்லை.

அந்த வாரம் புதன்கிழமையே அரிசி தீர்ந்துவிட்டது. மாவு இருந்தது. ஆனால் நொய் இல்லாமல் வெறும் மாவு இத்தனை பிள்ளைகளுக்குக் காணாது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருந்தது. ஒரு நாள் நின்றால் கவர் என்று சாந்தகுமார் சொன்ன சொல்லை அவர் மறந்தாலும் அவள் மறக்கமாட்டாள்.

வியாழக்கிழமை கம்பெனியில் கரண்ட் இல்லை என்று வேன் வரவில்லை. வீட்டில் இருந்த பிரேமலதா உதவலாம் என்று புங்கமரத்தடிக்குப் போனாள். அங்கே கிருபாபாய் ஒரு ரேஷன் சாக்கைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள். மூலையில் ஒட்டியிருந்ததையும் விரலால் சுரண்டிப் போட்டாள்.

"இன்னா அத்த இது? உன் ரேஷனா?"

"நான் ஒத்த ஆளுடி. எனக்கு எதுக்கு இவ்ளோ?"

"ஈஸ்டருக்கு வந்தவரு திடீர்னு மறுபடி வந்து நின்னா? மாமாவுக்கு எதப் போடுவ?"

"தட்டு எடுத்துக்கினு புள்ளைங்களோட வந்து உக்காரட்டும். அவரும் எபநேசர்புரத்துப் புள்ளதானே." கிருபாபாய் சாக்கை மடித்தாள். "செக்ரட்டரி அண்ணங்கிட்ட வாயத் தொறந்துடாத. தொறந்தா உனக்குக் காந்தல் கெடையாது."

பிரேமலதா சாந்தகுமாரிடம் வாய் திறக்கவில்லை. ஆனால் மறுநாள் விடியற்காலை வேனில் ஏறியதும் திறந்தாள். வேன் சித்தூர் ரோட்டில் திரும்புவதற்குள், பின்சீட்டில் இருந்த கீழ்க்காலனிப் பெண்கள் வரைக்கும் விஷயம் போய்விட்டது. அப்புறம் ஒருத்தி, பகலில் பிள்ளை வீட்டில் தின்னாததால் காலையில் அளக்கும் அரிசி மிச்சப்படுகிறதே, அந்த மிச்சம் எங்கே போயிற்று என்று தன்னையே கேட்பதுபோலக் கேட்டாள். அடுத்த மாதத்துக் கவலையில் அது மூட்டையிலேயே தங்கிவிட்டது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை வந்தது. கிருபாபாய் பையோடு கிளம்பினாள். முதல் வீட்டுப் பானையைக் கவிழ்த்தபோது அரிசி விழுந்த சத்தத்தில் அவளே பானைக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டாவது வீட்டிலும் அப்படித்தான். கீழ்க்காலனிப் பெண் ஒருத்தி எதிரே வந்து, "எங்களுக்குப் பானை வெக்கற வழக்கம் இல்லக்கா" என்று ஒரு சொம்பு அரிசியைப் பையில் கொட்டிவிட்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் போனாள்.

பிரேமலதா வீட்டில் அப்போதுதான் முறத்தை எடுத்திருந்தார்கள். லீனா வழக்கம்போல் கையை நீட்டினாள். பிரேமலதா அந்தக் கையைச் செல்லமாகத் தட்டினாள்.

"உங்கை துன்றதுக்கு. இதுக்கு எங்கை" என்று, பொத்துப்போன விரல்களை அகல விரித்து ஒரு பிடி அள்ளினாள்.

கடைசியாக சாந்தகுமார் வீடு. மனைவி போன பிறகு அவர் வீட்டில் பானை வைப்பது நின்று, மாதாமாதம் கவர்தான் வந்துகொண்டிருந்தது. அன்று அவர் வாசலிலேயே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நின்றார். கழுத்துவரை அரிசி.

"இன்னாண்ணா, கவர் தீந்துடுச்சா?"

"வளவளன்னு பேசாத. வாங்கிக்கோ. புழுங்கல்தான். ஒடைக்கும்போது பாத்து ஒடை." அவர் பையைப் பார்த்தார். அது அவள் தோளில் நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது. "குடு இப்டி. கோயில் வரிக்கும் நான் தூக்கறேன்."

தூக்கினார். நாலு அடி போனதும் மூச்சு வாங்க நின்றார். "இந்தக் கனத்தையா இத்தினி வருசமாத் தூக்கிக்கினு இருந்த?"

"இத்தினி வருசமா இந்தக் கனம் எங்கண்ணா இருந்துச்சி" என்றாள் அவள். சுருக்குக் கயிற்றின் மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது, எத்திராஜின் ஸ்கூட்டர் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. ஏலம் இருக்குமோ என்று இந்தச் சில வாரங்களாக வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்தான். ஹேண்டில்பாரில் கிருபாபாயின் குடை தொங்கியது. சாந்தகுமார் வாசற்படியில் நின்று, ஏலம் கிடையாது, கவரும் கிடையாது, கைப்பிடி அரிசி கிருபாபாயிடமே இருக்கும், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் லீவு நாளெல்லாம் அண்டா ஏறும் என்று கமிட்டி சார்பில் சொன்னார். கமிட்டி எப்போது கூடியது என்று யாரும் கேட்கவில்லை.

எத்திராஜ் குடையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "எங்கோழிங்க ஒரு மாசமா உன்னத் திட்டிக்கினு கீதுக்கா. போனாப் போவுது. அண்டாவுல அடிப்பிடிச்ச காந்தலாவது மிச்சம் வெச்சிக் குடு."

கிருபாபாய் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன.

"காந்தலா? அதுக்குத்தான்யா ரெண்டு தெரு புள்ளைங்களும் மண்டைய ஒடச்சிக்கினு கீதுங்க. உங்கோழிய வேணா தட்டு எடுத்துக்கினு வந்து வரிசைல உக்காரச் சொல்லு."